ப்ளஸ் அஞ்சு சார்

என் வேலைக்கு ஆய்வக உதவியாளர் என்று பெயர். ஆய்வுக்கு நான் எந்த வகையில் உதவினேன் என்று யாராவது உட்காரவைத்து விசாரித்தால் மாட்டிக்கொள்வேன். ஆவடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். சாவி என்னிடம், குழாய் என்னிடம், ஃபினாயில் என்னிடம். அறிவியல் மட்டும் பக்கத்து அறையில், கரும்பலகையில். இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. அதன் தாழ்ப்பாள் துருப்பிடித்துப் போய் ரொம்ப நாளாகிறது. சரிசெய்ய வேண்டியவனும் நான்தான்.

ஆனால் பிள்ளைகள் என்னை மதித்தது இதற்கெல்லாம் இல்லை. துண்டுச் சீட்டுக்காக.

பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் ஒவ்வொரு பிள்ளைக்கும் என் கையால் சின்னச் சின்னச் சீட்டுகள் போகும். எந்தச் சோதனை வந்தாலும் அளவுகள் என்ன, சராசரி என்ன, விடை என்ன, எல்லாம் அதில் இருக்கும். இதை நான் தொடங்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் ஓய்வு பெற்றபோது சாவிக்கொத்தோடு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் என் கையில் வைத்துவிட்டுப் போனார். சாவிக்குக் கையெழுத்து வாங்கினார்கள். நோட்டுக்கு வாங்கவில்லை. ஆய்வகத்து ஊசல் ஆடினாலும் ஆடாவிட்டாலும் அதன் விடை அந்த நோட்டில் இருந்தது. பிள்ளைகள் கருவியைக் கையில் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, சீட்டில் இருப்பதைத் தாளில் எழுதுவார்கள். நடிப்புக்கு மார்க் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். சிலர் பிரமாதமாகச் செய்வார்கள்.

நோட்டில் நான் செய்த ஒரே முன்னேற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். முந்தியவர் ஐந்து அளவீட்டுக்கும் ஒரே எண்ணை எழுதிவைத்திருந்தார். 53, 53, 53, 53, 53. பார்த்தாலே சந்தேகம் வரும். உண்மையாக அளக்கிற கை கொஞ்சம் முன்னே பின்னே போகும் அல்லவா? அதனால் நான் 53, 54, 53, 52, 53 என்று மாற்றினேன். சராசரி அதேதான். அளக்காமலே அளவில் தடுமாற்றத்தை உண்டாக்கிக் காட்டியவன் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான் என்று கொஞ்ச காலம் கர்வமாகக்கூட இருந்தேன்.

இந்த 53 என்பது திருகு அளவியின், அதாவது ஸ்க்ரூ கேஜின் கணக்கு. கம்பியின் தடிமனை அளக்கும் கருவி அது. கைக்குள் அடங்கும் இரும்புக் கவ்வி. உருளையைத் திருகினால் வாய் மூடும். உருளையைச் சுற்றி நூறு கோடுகள். ஒரு கோடு என்றால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. வாயில் எதுவும் வைக்காமல் மூடினால் பூஜ்யம் காட்ட வேண்டும். எங்கள் கருவி பூஜ்யம் காட்டாது, ஐந்து காட்டும். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஐந்து. இதற்குச் சுழிப்பிழை என்று பெயர். அது ஒன்றும் பெரிய குற்றமில்லை. பிழை எவ்வளவு என்று தெரிந்தால் போதும், கழித்துக்கொள்ளலாம். என் மனைவி என்னுடைய சுழிப்பிழையைப் பல வருடங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாள். "அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்" என்று நான் போனில் சொன்னால் நாற்பது நிமிடத்தைக் கூட்டிக்கொண்டு அதற்குப் பிறகுதான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். எங்கள் குடும்பம் நிம்மதியாக நடப்பதற்கு அந்தத் திருத்தம்தான் காரணம்.

ஆக, கம்பியை வைத்துப் பார்த்தால் 53. அதில் ஐந்தைக் கழித்தால் 48. கம்பியின் தடிமன் 0.48 மில்லிமீட்டர். என் சீட்டில் இது அப்படியே இருக்கும். சுழிப்பிழை: ப்ளஸ் ஐந்து.

நான் சொல்லப்போகிற வருடத்தில், தேர்வுக்குப் பதினைந்து நாள் முன்னால், அந்தத் திருகு அளவி இறுகிக்கொண்டது. ஆய்வகத்தில் மூன்று அளவிகள் உண்டு. மற்ற இரண்டும் எப்போதோ பேப்பர் வெயிட் ஆகிவிட்டன. இருந்த ஒன்றும் திரும்பவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் பழைய வகுப்புத் தோழனிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னா மாமே, ஸ்கூல்ல இத்த வெச்சிகினு இன்னா பண்றீங்க? தேங்கா ஒடைக்கிறீங்களா?"

"கம்பி அளக்கிறோம்டா."

"இதுலயா?" மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துடைத்து, எண்ணெய் விட்டு, வாயை மூடிப் பார்த்தான். "த பார், ஒண்ணும் வெக்காமயே அஞ்சு காட்டுது. இத்த வெச்சி நான் ஒரு பீஸ் அளந்து அனுப்புனேன்னு வை, லாட்டு மொத்தமும் ரிஜெக்ட்டு ஆயி ஊட்டுக்கு வந்துடும். குந்து, ரெண்டு நிமிசம்."

அளவி இருந்த டப்பாவின் மூலையில் கிடந்த குட்டிச் சாவி ஒன்றை எடுத்து எங்கேயோ மாட்டித் திருகினான். அந்தச் சாவி எதற்கு என்று பத்தொன்பது வருடமாக எனக்குத் தெரியாது. "சீரோ பண்ட்டேன். இட்டுகினு போ," என்றான்.

காதில் விழுந்தது. காதோடு சரி. அங்கே டீ வந்தது, பழைய கதை வந்தது, வகுப்பில் யார் யாரெல்லாம் இப்போது சொட்டை என்று கணக்கெடுத்தோம், நான் எழுந்து வந்துவிட்டேன். அளவியின் பிழை போய்விட்டது என்றால் என் சீட்டில் இருக்கும் ப்ளஸ் ஐந்தும் போக வேண்டும் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்கும். நான் ஆறாம் வகுப்பைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டவன்.

தேர்வன்று காலை. எங்கள் இயற்பியல் மிஸ், வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கேள்வித்தாள் உறையைப் பிரிப்பதற்கு முன்னால் அதன்மேல் கை வைத்துக் கண்மூடி ஜெபம் செய்வார். அன்றும் செய்தார். பூந்தமல்லிப் பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், தானும் தலையைக் குனிந்துகொண்டு ஆமென் சொன்னார். நெற்றியில் பட்டை போட்டிருந்தார். நல்ல மனிதர் என்று அப்போதே நினைத்தேன்.

முதல் பேட்ச்சில் இருபத்து நான்கு பேர். நான்கு சோதனைகள். சீட்டுக் குலுக்கியதில் கம்பிச் சோதனை ஆறு பேருக்கு விழுந்தது. ஒரே அளவி என்பதால் அது ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு, பந்தியில் சாம்பார் வாளி போவது போல நகர்ந்துகொண்டிருந்தது. நகர்த்துகிறவன் நான். ஐந்து பேர் அதைக் கையில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, எழுதிவிட்டுக் கொடுத்தார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம்.

ஆறாவது ஒரு பெண். பருத்திப்பட்டிலிருந்து வருகிறவள். என்னிடம் சீட்டு வாங்காத ஒரே ஆள். அகந்தை எல்லாம் இல்லை. முந்தின நாள் நான் நீட்டியபோது, "வேணாண்ணா, எனக்குக் குழம்பிடும்" என்று சொல்லிவிட்டாள். பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்க இருந்தாள். கட்-ஆஃபில் அரை மார்க்குக்குள் ஓர் ஊரே நிற்கும் என்பதால், மாதிரித் தேர்வில் கால் மார்க் குறைந்தாலும் தாளைத் தூக்கிக்கொண்டு மிஸ்ஸிடம் போய் நிற்பாள். அந்தச் செய்முறை மார்க் அவளுக்கு முழுதாக வேண்டும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவள் அளவியை மூடித் திறந்தாள். மறுபடி மூடினாள். ஐந்து நிமிடமாயிற்று. நான் பக்கத்தில் போனேன்.

"அண்ணா, இது சீரோலதான் நிக்குது."

"நேரமாகுது, எழுதும்மா."

"ரெக்கார்டு நோட்ல அஞ்சுன்னு போட்டோமே. இப்ப பாத்தா சீரோ வருது. நான் பாத்ததை எழுதிக்கவா?"

"பாத்ததை எழுதுனா அது டைரிம்மா. இது பரீட்சை" என்றேன்.

எனக்கே அது நல்ல ஜோக்காகத் தோன்றியது. அவள் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து எழுதினாள். நான் அளவியை அடுத்த வரிசை மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.

தேர்வாளர் சுற்றி வந்தார். ஐந்து தாளில் ப்ளஸ் ஐந்து. ஆறாவது தாளில் 'சுழிப்பிழை: இல்லை' என்று இருந்தது. நின்றார். மிஸ்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார். மிஸ்ஸுக்கு முகம் வெளிறியது. இருந்தவர்களிலேயே நன்றாகப் படிக்கிற பெண்.

"என்னம்மா, சுழிப்பிழையை விட்டுட்டியா?"

"இல்ல மிஸ். சீரோதான் வருது."

"எல்லாருக்கும் அஞ்சு வருது, உனக்கு மட்டும் எப்படி சீரோ வரும்?"

தேர்வாளர் என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, இந்த அளவிக்குச் சுழிப்பிழை எவ்வளவு?"

அளவி எனக்கு ஒரு முழ தூரத்தில் மேஜைமேல் கிடந்தது. கையை நீட்டி எடுத்து மூடிப் பார்க்க மூன்று விநாடி ஆகும். நான் கையை நீட்டவில்லை.

"ப்ளஸ் அஞ்சு சார்."

பெயரைக் கேட்டால்கூட இவ்வளவு வேகமாகச் சொல்ல மாட்டேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. தன் கண்ணில் ஏதாவது கோளாறோ என்று சந்தேகப்பட்டு இன்னொருவர் கண்ணைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு 'இல்லை' என்பதை அடித்துவிட்டு '+5' என்று எழுதினாள். அவள் அளந்து எழுதியிருந்தது 48. அதில் ஐந்தைக் கழித்தாள். 43. விடையும் அதன்படி மாறியது. சரியாக இருந்த தாளை எங்கள் மூன்று பேர் கண் முன்னாலேயே கணக்குப் போட்டுத் தப்பாக்கினாள். கழித்தலில் ஒரு பிழையும் இல்லை.

தேர்வாளர் மூன்று மார்க் குறைத்தார். பட்டியலை மேஜைக்குக் கொண்டுபோனது நான்தான் என்பதால் பார்த்தேன். மற்ற ஐந்து பேருக்கும் முழு மார்க்.

பேட்ச் முடிந்து பிள்ளைகள் போன பிறகு கருவிகளைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். திருகு அளவியைத் துடைத்து, பழக்கத்தில் வாயை மூடினேன். கோட்டுக்கு நேரே பூஜ்யம் நின்றது. திறந்து மறுபடி மூடினேன். பூஜ்யம். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பூஜ்யம். "சீரோ பண்ட்டேன்" என்று எஸ்டேட்டில் ஒரு குரல் சொன்னது அப்போதுதான் காதைத் தாண்டி உள்ளே வந்து சேர்ந்தது. தேர்வாளருக்குச் சொல்லியிருந்த பிரியாணிப் பொட்டலம் இன்னும் வந்திருக்கவில்லை.

மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். எஸ்டேட், சாவி, எல்லாவற்றையும். அவர் அளவியை வாங்கித் தானே மூடிப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்ப அவ எழுதுனதுதான் சரி."

"ஆமா மிஸ்."

"மத்த அஞ்சு பேரும் அளக்கவே இல்ல."

"அவங்க எந்த வருஷம் மிஸ் அளந்தாங்க?"

"சிரிக்காதீங்கண்ணா." நான் சிரிக்கவில்லை. என் முகத்தின் அமைப்பு அப்படி. "இதைப் போய்ச் சொன்னா அஞ்சு பேர் மாட்டுவாங்க. சீட்டு வெளிய வரும். நீங்க தற்காலிகப் பணியில இருக்கீங்க. உங்களைத்தான் முதல்ல அனுப்புவாங்க. அடுத்தது நான்."

அவர் கெட்டவர் இல்லை. கையில் இருந்த ஜெபமாலை மோதிரத்தைச் சுழற்றிக்கொண்டே யோசித்தார். மத்தியான பேட்ச்சிலும் ஆறு பேருக்கு இதே சோதனை விழும். அவர்கள் கையிலும் ப்ளஸ் ஐந்துச் சீட்டு. அதைத்தான் முதலில் நினைத்தார்.

"அந்தச் சாவி இருக்கா?"

"இருக்கு."

"பழையபடி அஞ்சுல வெச்சுடுங்க. நான் சாரை சாப்பிட உட்கார வெக்கிறேன், அதுக்குள்ள முடிங்க."

நான் மறுபேச்சுப் பேசவில்லை என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். கழுவுத்தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று குட்டிச் சாவியை மாட்டினேன். என் தோழன் இரண்டு நிமிடத்தில் எடுத்த பிழையைத் திரும்ப வைக்க எனக்கு இருபது நிமிடம் போதவில்லை. ஒரு திருகில் மூன்று காட்டியது. இன்னொரு திருகில் பதினொன்று. பின்னால் இழுத்தால் பூஜ்யத்துக்கும் கீழே மைனஸில் போய் உட்கார்ந்தது. வேர்த்துக் கொட்டியது. உலகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லாம் பிழையைக் குறைக்க உயிரைக் கொடுக்கிறார்கள். அசல் பிழை ஒன்றைச் சரியான அளவில் தயாரிக்க முடியாமல் ஒருவன் ஆவடியில் தவித்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா பண்றீங்க?"

தேர்வாளர். கையெல்லாம் பிரியாணி நெய். பள்ளியில் தண்ணீர் வருகிற குழாய் இது ஒன்றுதான் என்பதை மிஸ்ஸும் மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன்.

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவும் வந்தது. ஆனால் ஒரு கையில் அளவி, ஒரு கையில் சாவி. அதைவிட, காலையில் அவர் ஆமென் சொன்னது ஞாபகம் வந்து தொலைத்தது. சொல்லிவிட்டேன். மிஸ் பின்னாலேயே ஓடிவந்து கதவில் நின்றுவிட்டார்.

அவர் முழுக்கக் கேட்டார். கையைக் கழுவினார். கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"எங்க ஸ்கூல் சீட்டுல அது மைனஸ் மூணு," என்றார்.

அவர் அந்தப் பெண்ணின் தாளை எடுத்து, அவள் அளந்து எழுதியிருந்த ஐந்து எண்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். 48, 48, 47, 48, 49.

"காலையில இந்த ரூம்ல நடந்த ஒரே அளவு இதுதான் போல."

"மார்க்கை மாத்திப் போட்டுடலாமா சார்?" என்றார் மிஸ்.

"எப்படி மேடம்? பேப்பர்ல 43-ன்னு விடை இருக்கு. அதுக்கு முழு மார்க் போட்டா, நாளைக்கு எவனாவது பிரிச்சுப் பாத்தா என்னைக் கேப்பான். அவ வந்து திரும்ப எழுதணும். அதுக்கும் விதி கிடையாது, ஆனா நான் போற வரைக்கும் ரூம் என்னுது. ரெண்டு மணிக்கு அடுத்த பேட்ச். ரெண்டரைக்குள்ள வந்தா உட்காரட்டும்."

"மத்த அஞ்சு பேரு?" என்று கேட்டேன்.

தேர்வாளர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "அவங்களைக் கூப்பிடணும்னா நம்ம மூணு பேரையும் சேத்துத்தான் கூப்பிடணும்" என்றார். பிறகு என் கையிலிருந்த சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இப்ப அது என்ன காட்டுதோ காட்டட்டும். இனிமே தொடாதீங்க."

பள்ளிப் பதிவில் அந்தப் பெண்ணின் அப்பா நம்பர்தான் இருந்தது. அவர் வேலை செய்யும் கம்பெனியில் உள்ளே போகும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். நான் வண்டியை எடுத்தேன். ஒன்று பத்து. பூந்தமல்லி ரோட்டில் ஏதோ குழாய்க்குத் தோண்டிவைத்திருந்தார்கள். பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டி உள்ளே திரும்பி, வழி கேட்டால் ஒருவர் "தோ, பக்கம்தான்" என்றார், இன்னொருவர் "ரெண்டு நிமிசம்" என்றார், மூன்றாவது ஆள் "கொஞ்சம் தொலைவு" என்றார். மூவரும் சொன்னது ஒரே வீட்டை. சாதாரண நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு வாரம் ஓட்டியிருப்பேன்.

அவள் அம்மா கதவைத் திறந்தார். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் மாவு.

"இன்னா சார், ஸ்கூல்லேர்ந்தா? பொண்ணு எதுனா பண்ணிட்டாளா? வந்ததுலேர்ந்து சோறு துண்ணாம பட்த்துனுகீறா."

"அவ ஒண்ணும் பண்ணலம்மா. நாந்தான் பண்ணிட்டேன்."

உள்ளே அவள் எழுந்து உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுதியதுதான் சரி என்றேன். அதைக் கேட்டால் முகம் மலரும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். மலரவில்லை.

"அப்ப ஏன் அஞ்சுன்னு சொன்னீங்க?"

"வாய்ல வந்துடுச்சும்மா."

"ஸ்க்ரூ கேஜ் உங்க பக்கத்துலதானே இருந்துச்சு."

அதற்கு என்னிடம் ஜோக் இல்லை. எனக்கு ஜோக் வராத நேரங்களைப் பட்டியல் போட்டால் ஒரு கை விரலுக்குள் அடங்கும். அது முதல் விரல்.

"ரெண்டரைக்குள்ள வந்தா திரும்ப அளந்து எழுதலாம்" என்றேன்.

"இப்ப எவ்ளோ காட்டுது அது?"

"தெரியல. நான் திருகிட்டேன். அஞ்சுல வெக்கப் பாத்தேன், வரல."

அவள் அம்மா என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "சாருக்கே தெரியலங்கிறாரே, நீ போயி இன்னாடி பண்ணுவ?"

"அவரு சொல்லவே வேணாம்மா. நான் பாத்துக்கிறேன்." எழுந்து போய் முகத்தைக் கழுவினாள்.

வயதுப் பெண்ணை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குள் நுழைந்தால் மறுநாள் வேறு பரீட்சை நடக்கும். அதனால் அம்மாவும் மகளும் ஷேர் ஆட்டோவில் வந்தார்கள். நான் முன்னால் போய்ப் போய் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். தோண்டின இடத்தில் ஆட்டோ நின்றபோது என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு பதினெட்டு. என் கடிகாரம் வேகமாக ஓடுமா மெதுவாக ஓடுமா என்பதே எனக்கு மறந்துவிட்டது.

ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது மத்தியான பேட்ச் தொடங்கியிருந்தது. கம்பிச் சோதனை விழுந்த ஆறு பேரும் என்னைக் கண்டதும் காணாமல் போன மாட்டைக் கண்டவர்கள் போல நிமிர்ந்தார்கள். ஒருவன் அளவியைத் தூக்கிக் காட்டிக் கிசுகிசுத்தான்.

"அண்ணாத்தே, சீட்டுல அஞ்சுன்னு கீது. இதுல இன்னாவோ காட்டுது."

"இன்னா காட்டுதோ அத்த எழுது."

"அப்போ சீட்டு?"

"குப்பைல போடு."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது, பைத்தியம் பிடித்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டான். பிறகு பாவம், அந்தக் கருவியை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தலைகீழாகப் பிடித்தான். அடுத்தவள் கம்பி நசுங்கும்வரை திருகினாள். பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற வாரம். நான் இத்தனை வருடமாகச் செய்த உதவி எவ்வளவு என்று அன்று மத்தியானம்தான் என் கண்ணால் அளந்தேன். தேர்வாளர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் தன் பள்ளியின் மைனஸ் மூன்றை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

கடைசி மேஜையில் அவளை உட்காரவைத்தார்கள். இரண்டு இருபத்தேழு. புதுத் தாள் கொடுத்தார்கள். அளவி அவளிடம் வந்தது. வாயை மூடிப் பார்த்தாள். திறந்தாள். மூடினாள். ஒருமுறை தலையைத் தூக்கினாள். நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். அவள் என்னைத் தாண்டி, கம்பியை நசுக்கின அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"இங்க வாயேன். இது ஆறா, ஏழா, நீ பாத்து சொல்லு."

"ஏழு மாதிரிதான். இல்லடி, ஏழுக்குக் கொஞ்சம் கம்மி."

"எனக்கும் அப்படித்தான் தெரியுது. ஏழுன்னே வெக்கலாம். இன்னொரு வாட்டி மூடிப் பாப்போம்."

தேர்வில் இப்படிப் பேசக் கூடாது. தேர்வாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் முடித்துக் கொடுத்தபோது மணி மூன்றரை. ப்ளஸ் ஏழு, பார்த்தது 55, திருத்தியது 48. தேர்வாளர் பட்டியலில் பழைய எண்ணை அடித்துவிட்டு முழு மார்க் போட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். ஆக, அளந்தவளுக்கும் அளக்காத ஐந்து பேருக்கும் ஒரே மார்க். அந்தப் பட்டியலை அதன் பிறகு என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. ஒரே பெயருக்கு இரண்டு தாள் இருக்கக் கூடாது என்று காலைத் தாளை அவர் நான்காகக் கிழித்து என்னிடம் கொடுத்தார்.

வாசலில் அவள் அம்மா காத்திருந்தார். அவள் பையை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"காலைல எழுதுன என் பேப்பர் எங்கண்ணா?"

"கிழிச்சுட்டாங்கம்மா. ரெண்டு பேப்பர் வெச்சுக்க முடியாதாம்."

"அதுலயும் முதல்ல 48-தான் எழுதியிருந்தேன்."

"ஆமா. நான் பாத்தேன். நீ எழுதுனதுதான் சரி. யார் கேட்டாலும் நான் சொல்றேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. காலையில் அளவியைக் காட்டிக் கேட்டாளே, அதே குரல்.

"நீங்க சொன்னா நம்பலாமாண்ணா?"

பதில் சொல்வேன் என்று நின்றாள். கிழிந்த தாள் நான்கும் என் கையில் இருந்தன. அவள் அம்மா ரோட்டிலிருந்து ஆட்டோ வந்துவிட்டது என்று குரல் கொடுத்தார். அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "வரேண்ணா" என்று போய்விட்டாள்.